வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுத்தல்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலுள்ள குடியானவர் வீடுகளில் இரண்டு காட்சிகளை ஒருங்கே காணலாம். வீட்டின் ஒரு மூலையில் குலுக்கை நிற்கும். அதில் கம்போ, சோளமோ, குதிரைவாலியோ தானியமாகவே இருக்கும். வேண்டிய நாளில் வேண்டிய அளவு எடுத்து இடித்துக்கொள்வார்கள். வருஷம் முழுவதற்கும் வேண்டிய மாவை ஒரே நாளில் திரித்து வைப்பவர் எவரும் இலர். அவ்வாறு வைத்தால் மாவு கெட்டுப்போகும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். அதே வீட்டின் அடுப்பங்கரையில் ஒரு காப்பிப்பொடிப் பொட்டலம் இருக்கும். அப்பொடி எப்பொழுது வறுக்கப்பட்டது, எப்பொழுது அரைக்கப்பட்டது, அதில் காப்பி எவ்வளவு, பிற சரக்கு எவ்வளவு என்பன அவ்வீட்டாருக்குத் தெரியா. தானியத்தில் நாம் கைக்கொள்ளும் விவேகத்தைக் காப்பியில் கைவிட்டுவிட்டோம்.

காப்பிக்கொட்டையும் ஒரு வித்துத்தான். வறுக்காத பச்சைக் கொட்டையைச் சரியாகக் காய்ந்த நிலையில் பத்திரப்படுத்தினால் ஒரு வருஷம் வரையில் குணம் கெடாமல் இருக்கும். வறுத்த கொட்டை இரண்டு மூன்று வாரங்களுக்குள் மணத்தை இழக்கத் தொடங்கும். அரைத்த பொடியோ சில நாட்களிலேயே இழந்துவிடும். ஆகையால் தானியமாக வாங்கி வைத்து, வாரத்துக்கு ஒரு முறை வறுத்து, அவ்வப்போது அரைத்துக்கொள்வதே முறையாகும். காப்பி அருந்தாதவர்கள் இதைப் படித்துவிட்டு அப்பழக்கத்தைத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அருந்துகிறவர்கள், தாங்கள் பணம் கொடுத்து வாங்குவது இன்னதென்று அறிந்து வாங்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வீட்டின் அனுபவம்

திருச்சுழிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மல்லியும் சாகுபடி செய்யும் ஒரு குடும்பத்தை நான் சில வருஷங்களாக அறிவேன். பருத்தி விற்ற பணம் கையில் தங்குவதில்லை என்று அவ்வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். உரத்துக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்து முடித்த பிறகு, மளிகைக் கடையின் பற்றுவரவு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் வாரந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்த வரி காப்பிப்பொடி. ஆடி முதல் கார்த்திகை வரையில், அதாவது கையில் காசு இல்லாமல் விதைப்புக்கே கடன் வாங்கும் மாதங்களில், அது முழுவதும் கடனாகவே எழுதப்பட்டிருந்தது.

அப்பொட்டலத்தில் யாதொரு விவரச் சீட்டும் இல்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை நிரப்பி, ஒரு சிட்டிகைப் பொடியை அதன்மேல் மெதுவாகத் தூவினேன். காப்பித்தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது சிறிது நேரம் மிதக்கும். சிக்கரித்தூள் சில விநாடிகளிலேயே செந்நிறக் கோடுகளை விட்டுக்கொண்டு அடியில் இறங்கும். எங்கள் கண்முன் பொடியின் பெரும்பகுதி இறங்கிவிட்டது. பின்னர் அரைக் கரண்டிப் பொடியை வேறு தம்ளர் நீரில் இட்டு ஒரு நிமிஷம் கலக்கி, ஐந்து நிமிஷம் அசையாமல் வைத்தோம். களிமண் கலந்திருந்தால் அது அடியில் படியும். மண் இல்லை என்று கண்டு ஆறுதல் அடைந்தோம்.

சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கு. அது குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வறுத்துப் பொடித்தால் கறுத்த நிறமும் கசப்பும் தரும். அதைக் கலப்பது குற்றமன்று. ஆனால் உணவுச் சட்டப்படி சிக்கரி கலந்த பொடியில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது. எத்தனை பங்கு என்பதைப் பொட்டலத்தின்மேல் அச்சிடவும் வேண்டும். சீட்டில்லாத பொட்டலத்தை வாங்குபவர் அந்தப் பாதுகாப்பைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். அன்று அவ்வீட்டுக்காரர், “மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறேன். நான் குடிப்பதை மட்டும் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன்” என்றார்.

கொட்டை எங்கே கிடைக்கும், எப்பொழுது வாங்குவது

நமது கரிசல் நிலத்தில் காப்பி பயிரிடலாகுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆகாது. இங்கு வருஷ மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். காப்பிக்கு இதைப்போல் இரு மடங்கு மழையும், மரநிழலும், மலைக்குளிர்ச்சியும் தேவை. ஆயினும் அது விளையும் இடம் நமக்குத் தூரமன்று. மதுரையைக் கடந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் சிறு விவசாயிகளே காப்பி பயிரிடுகிறார்கள். சேர்வராயன் மலை, நீலகிரி, ஆனைமலை ஆகியவற்றிலும் விளைகிறது. எனினும் தேசத்தின் விளைச்சலில் மிகப் பெரும்பங்கு கர்நாடகத்தைச் சேர்ந்தது.

1942-ஆம் வருஷத்துக் காப்பிச் சட்டத்தின் கீழ், விவசாயிகள் தங்கள் கொட்டையைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டியிருந்தது. 1996-ஆம் வருஷத்தோடு அக்கட்டாயம் அறவே நீங்கிற்று. இப்பொழுது மலைக் குடியானவர் தம் கொட்டையை யாருக்கும் நேரே விற்கலாம். கரிசல் குடியானவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மூட்டையை அவரிடமே வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

வாங்கும் பருவமும் நமக்கு இசைவாக உள்ளது. அராபிகா வகைப் பழங்கள் பெரும்பாலும் கார்த்திகை முதல் தை வரையில் பறிக்கப்படும். ரோபஸ்டா வகை அதன்பின் வரும். ஆகவே மாசி, பங்குனியில் புதுக்கொட்டை விற்பனைக்கு வரும். நமது மல்லியும் பருத்தியும் விலையாகிக் கையில் காசு புழங்கும் காலமும் அதுவே. அப்பொழுது வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொண்டால், ஆடியில் கடன் நோட்டில் எழுத வேண்டிய அவசியம் நேராது.

தெரிந்தெடுத்தலும் சேமித்தலும்

கடைகளில் ‘பிளாண்டேஷன்’ என்று வழங்குவது, பழத்தின் தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா. இதற்கு மணம் அதிகம். ‘செர்ரி’ என்பது பழத்தோடு உலர்த்தி உடைத்தது. ரோபஸ்டாவுக்குத் திடமும் கசப்பும் மிகுதி. விலையும் பெரும்பாலும் குறைவு. ‘பீபெரி’ என்பது ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதிலாக ஒரே வித்து உருண்டையாக விளைந்தது. அது சட்டியில் நன்றாக உருள்வதால் சீராக வறுபடும். புதிதாக வறுக்கப் பழகுபவருக்கு ஏற்றது.

கொட்டையைக் கையில் பரப்பிப் பார்க்கவேண்டும். கறுத்தவை, உடைந்தவை, குண்டூசி அளவு துளையுள்ளவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கவேண்டும். இத்துளைகள் காய்த்துளைப்பான் வண்டின் வேலை. இவ்வண்டு இந்தியாவில் முதன்முதலாக 1990-ஆம் வருஷம் நீலகிரியைச் சேர்ந்த கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. ஒரு கொட்டையைப் பல்லால் கடித்தால் பல் பதியலாகாது. பதிந்தால் ஈரம் போகவில்லை என்று அறியலாம். மக்கிய வாடையோ புளித்த வாடையோ வீசும் சரக்கு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

நமது காற்று வறண்டது. ஆதலால் சேமிப்பு இங்கே சுலபம். சுத்தமான சணல் பையிலோ துணிப்பையிலோ இட்டு, தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வைக்கவேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்னதாக மூடியுள்ள தகர டின்னுக்கு மாற்றிவிடுதல் நலம். இங்கே முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பச்சைக் கொட்டை அயல் வாசனையை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். நமது வீடுகளில் மல்லியும் மிளகாய் வற்றலும் ஒரே அறையில் குவித்திருப்பது வழக்கம். அவற்றோடு காப்பிக்கொட்டையை வைத்தால் காப்பி குழம்புபோல மணக்கும். உரமூட்டையும் பூச்சிமருந்தும் இருக்கும் அறையில் உணவுப் பொருள் எதையுமே வைக்கலாகாது.

வறுக்கும் முறை

இதற்குத் தனிக் கருவி அவசியமில்லை. முற்காலத்தில் கைப்பிடி வைத்துச் சுழற்றும் இரும்பு உருளையைக் கரியடுப்பின்மேல் வைத்து வறுப்பார்கள். அது கிடைப்பவர்கள் உபயோகிக்கலாம். அன்றேல் கனமான இரும்பு வாணலியே போதும். ஒட்டாப் பூச்சுள்ள வாணலியைத் தவிர்க்கவேண்டும். அவ்வளவு சூட்டுக்கு அப்பூச்சு ஏற்றதன்று. சீமைக் கருவேலங் கரி நமது பகுதியில் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் சூடு நின்று எரியும். கேஸ் அடுப்பும் உதவும். புகை வருமாதலால், முற்றத்திலோ தாழ்வாரத்திலோ காற்று நேரே அடிக்காத இடத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஓர் ஈட்டுக்கு 250 கிராமுக்கு மேல் இடவேண்டாம். வாணலி நன்கு சூடான பின் கொட்டையைக் கொட்டி, மரத்துடுப்பால் அடியிலிருந்து இடைவிடாமல் கிளறவேண்டும். மொத்தம் 12 முதல் 18 நிமிஷம் ஆகும். அதற்குள் நிகழும் மாறுதல்கள் பின்வருமாறு:

முதலாவது, பச்சை நிறம் மாறி மஞ்சளாகும். ஈரம் ஆவியாகி வெளியேறுவதால் வைக்கோல் வாடை வரும்.

இரண்டாவது, இளம் பழுப்பாகி, ரொட்டி சுடுவது போன்ற மணம் எழும். கொட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய வெள்ளித்தோல் உதிரத் தொடங்கும்.

மூன்றாவது, சூடு ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது, உள்ளே அடைபட்ட ஆவி கொட்டையை வெடிக்கச் செய்யும். சோளம் பொரிவது போன்ற இச்சத்தமே முதல் வெடி. இதிலிருந்து கொட்டை பருக்கும். இப்பொழுது அனலைச் சற்றுத் தணிக்கவேண்டும்.

நான்காவது, வெடி ஓய்ந்து சிறிது நேரம் அமைதி நிலவும். நிறம் நல்ல பழுப்பாக ஆழமாகும். நமது பாலில் கலக்கும் டிகாஷனுக்கு, இந்த அமைதியின் கடைசிப் பகுதியே இறக்கத் தக்க தருணம்.

ஐந்தாவது, ஏறத்தாழ 225 டிகிரியில் காய்ந்த சுள்ளி முறிவது போன்ற மெல்லிய சடசடப்புக் கேட்கும். இது இரண்டாம் வெடி. முதல் ஒன்றிரண்டு சத்தம் கேட்டதும் இறக்கியே ஆகவேண்டும். தாமதித்தால் எண்ணெய் மேலே கசிந்து, கறுத்து, கரியின் கசப்பே மிஞ்சும்.

இறக்கியவுடன் சுளகில் பரப்பி விசிறவேண்டும். கொட்டைக்குள் இருக்கும் சூடு இறக்கிய பின்னும் அதை வறுத்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிஷத்துக்குள் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவேண்டும். பிறகு தானியம் புடைப்பதுபோலப் புடைத்தால் தோல் பறந்துவிடும். ஆற்றுவதற்காக நீர் தெளிக்க வேண்டாம்.

எடையே சாட்சி

மேற்கண்டவற்றை எழுதுவது எளிது. நான் அந்த வீட்டில் முதல் ஈட்டைச் செய்து காட்டியபோது நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிளறிக்கொண்டிருக்கையில் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் பருத்தியில் காய் உதிர்வதைப் பற்றி விசாரித்தார். அவருக்கு விடை சொல்லத் திரும்பினேன். அதற்குள் இரண்டாம் வெடி தொடங்கி முற்றிவிட்டது. அவசரத்தில் கொட்டையை ஆழமான பாத்திரத்தில் கொட்டிவிட்டேன். அது உள்ளேயே மேலும் கருகியது. 250 கிராம் இட்டது 195 கிராமாக வந்தது. அந்தக் காப்பியை அனைவரும் மரியாதைக்காகக் குடித்தார்கள்.

அவ்வீட்டு மூதாட்டி ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, புகையிலே நிறம் தெரியாது. சத்தத்தைக் கேளுங்கள். ஆமணக்கு முத்து வறுத்து எண்ணெய் எடுத்த கை இது. துடுப்பை இப்படிக் கொடுங்கள்” என்றார். இரண்டாம் ஈட்டை அவரே வறுத்தார். முகத்தைச் சற்று ஒருபுறம் சாய்த்துக் காது கொடுத்தபடி கிளறி, அமைதி முடியும் தருவாயில் இறக்கினார். நிறுத்துப் பார்த்தோம். சரியாக 210 கிராம் இருந்தது.

நான் டிப்ளமாப் படிப்பில் கற்றது அந்தத் தராசின் உபயோகம். 250 கிராமுக்கு 210 கிராம் நின்றால் நூற்றுக்கு 16 பங்கு குறைந்ததாகும். அது நடுத்தர வறுவல். 220-க்கு மேல் நின்றால் வறுவல் போதாது. காப்பி பச்சை வாடையும் புளிப்பும் காட்டும். 200-க்குக் கீழ் போனால் கருகலை நெருங்கிவிட்டது. ஒவ்வோர் ஈட்டையும் நிறுத்து எழுதிவந்தால் மூன்று நான்கு வாரங்களில் கை பழகிவிடும்.

அரைத்தலும் நீரும்

வறுத்த கொட்டையிலிருந்து கரியமிலவாயு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகையால் முதல் நாள் இறுக மூடாமல் வைத்து, மறுநாள் முதல் உபயோகிக்கவேண்டும். பின்னர் காற்றுப் புகாத டின்னில் வைத்து, இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் கைமிஷினிலோ மிக்ஸியிலோ அரைத்துக்கொள்ளலாம். பொடி ரவைக்கும் மாவுக்கும் இடைப்பட்டதாக இருக்கவேண்டும். மாவாகிவிட்டால் பில்டரில் நீர் இறங்காது.

நமது கிணறுகள் பல உவர் நீருடையவை. அந்நீரிலுள்ள சுண்ணாம்பு முதலிய உப்புகள் காப்பியின் இயற்கையான மெல்லிய புளிப்பை மாற்றிச் சப்பென்று ஆக்கிவிடும். நல்ல கொட்டையை வாங்கி, நன்றாக வறுத்து, உவர் நீரை ஊற்றினால் மூன்றும் வீண். ஊருணி நீரையோ சேமித்த மழைநீரையோ வடிகட்டிக் கொதிக்க வைத்து உபயோகித்தால் வேற்றுமை உடனே தெரியும்.

செலவுக் கணக்கு

வாரத்துக்கு ஓர் ஈடு 250 கிராம் என்றால் வருஷத்துக்கு 13 கிலோ பச்சைக் கொட்டை தேவை. வாரத்துக்கு 210 கிராம் பொடி, அதாவது நாளொன்றுக்கு 30 கிராம் கிடைக்கும். அது நான்கைந்து தம்ளர் காப்பிக்குப் போதும்.

விலை ஊருக்கு ஊர் மாறும். ஆகையால் உதாரணத்துக்காக மட்டும் பச்சைக் கொட்டை கிலோ 600 ரூபாய் என்று கொள்வோம். ஒரு கிலோ வறுத்தால் 840 கிராம் நிற்கும். எனவே வறுத்த காப்பி கிலோ ஒன்றுக்கு அடக்கம் ஏறத்தாழ 714 ரூபாய். சிக்கரியின் ருசி வேண்டுமென்பவர் அதைத் தனியே வாங்கித் தாமே கலக்கலாம். சிக்கரி கிலோ 200 ரூபாய் என்று கொண்டால், காப்பி 600 கிராமும் சிக்கரி 400 கிராமும் சேர்ந்த ஒரு கிலோவுக்கு 509 ரூபாய் ஆகும். உங்கள் ஊர் விலையை இட்டு இவ்விதமே கணக்கிடுங்கள். கடைப்பொடியின் விலை இதற்கு மேல் இருந்தால் வித்தியாசம் உங்களுக்கு மிச்சம். இதற்கு மிகக் குறைவாக இருந்தால் அப்பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டும்.

சில எச்சரிக்கைகள்

அடுப்பில் வாணலி இருக்கும்போது அதை விட்டு நகரலாகாது. உதிர்ந்த தோல் எளிதில் தீப்பற்றும். குழந்தைகளை அருகில் விடவேண்டாம். சாப்பாட்டோடு காப்பி அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தச் சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல் நலம். ரோபஸ்டாவில் காபீன் என்னும் சத்து அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உள்ளது. தூக்கம் கெடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வடித்த சக்கையை எருக்குழியில் சேர்க்கலாம்.

முடிவு

மேற்சொன்ன குடும்பத்தார் அடுத்த மாசியில் மல்லி விற்ற கையோடு அண்டை வீட்டார் மூவருடன் சேர்ந்து மலையிலிருந்து கொட்டை வருவித்தார்கள். சனிக்கிழமைதோறும் மூதாட்டியின் வாணலியில் நான்கு வீட்டு ஈடும் வறுபடுகிறது. புரட்டாசியில் விதைப்பு ஆலோசனைக்காக அங்கே சென்றபோது வீட்டுக்காரர் கடை நோட்டைத் தாமே எடுத்துக் காட்டினார். உப்பும் எண்ணெயும் இருந்தன. காப்பிப்பொடி வரி இல்லை. மிஞ்சியது பெருந்தொகையன்று என்று அவரே சொன்னார். ஆனால் அவ்வருஷத்து உளுந்து விதையை அவர் கடனின்றி ரொக்கத்துக்கு வாங்கினார்.

விதை நேர்த்தியும் உரமும் சொல்ல வந்தவன் காப்பி வறுப்பதைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். மானாவாரி நிலத்தில் விளைவைப் பெருக்குவது பாதி நம் கையிலும் பாதி மழையின் கையிலும் உள்ளது. விளைந்ததைக் காப்பது முழுவதும் நம் கையில் உள்ளது. வரும் மாசியில் குலுக்கையில் கம்பு கொட்டும் நாளில், அதன் அருகே ஒரு டின்னில் காப்பிக்கொட்டைக்கும் இடம் வையுங்கள். மல்லி மூட்டை மட்டும் சற்று எட்டியே இருக்கட்டும்.